கதிரவன் பொது, கணக்கு யாருடையது?

நானூற்றிலே நானூறு போனால் மீதி என்ன?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டோம். விரல் மடக்கி எண்ணவில்லை, கரும்பலகையைப் பார்க்கவில்லை. "ஒன்றுமில்லை, ஐயா!" என்று ஒரே குரலிலே கூவினர். சரியான விடை, தட்டிக் கொடுத்தோம். தட்டிக் கொடுத்த நமது நெஞ்சிலே மட்டும் ஒரு முள். நானூற்றிலே நானூறு போன பிறகும் மீதி உண்டு, அந்த மீதியைப் பணமாகக் கட்டவும் வேண்டும் என்று கூறும் கணக்கு ஒன்று நாட்டிலே நடமாடியதை, அந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

அந்தக் கணக்கை நமக்குக் காட்டியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். முப்பதாண்டுக் காலம் சுண்ணக்கட்டித் தூளிலே நின்று சேர்த்த பணத்திலே ஒரு பகுதியை எடுத்து, 2020ஆம் ஆண்டிலே தம் வீட்டு மொட்டைமாடியில் சூரியத் தகடுகளைப் பதித்தார். பகலிலே தகடு தரும் மின்சாரத்தில் வீட்டுக்கு வேண்டியது போக எஞ்சியது, கம்பி வழியே வெளியே செல்லும். இரவிலே வீட்டுக்கு வேண்டியது, அதே கம்பி வழியே உள்ளே வரும். சென்றதையும் வந்ததையும் தனித்தனியே எண்ணிக் காட்டும் மீட்டர் ஒன்று சுவரிலே.

இரண்டு மாதம் கழிந்தது. கணக்குச் சீட்டு வந்தது. சென்றது 400 யூனிட். வந்தது 400 யூனிட். பெரியவர் பூரித்தார், "கொடுத்ததும் கொண்டதும் சரியாயிற்று" என்று. ஆனால் சீட்டின் அடியிலே, கட்ட வேண்டிய தொகை என்று ஓர் எண் நின்றது! எல்லா வீட்டுக்கும் உரிய 100 யூனிட் இலவசத்தைக் கழித்த பிறகும், அந்த எண் நின்றது! அந்தச் சீட்டைப் பல ஆண்டு பத்திரமாக வைத்திருந்து, அண்மையிலே நம்மிடம் நீட்டினார்.

"தம்பி, பிழை கணக்கிலா, என் கண்ணிலா?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தோம். கூட்டலிலே பிழை இல்லை. கழித்தலிலே பிழை இல்லை. எழுதியவர் மீதும் குற்றம் இல்லை. குற்றம், கணக்கின் முறையிலே இருந்தது. சென்ற யூனிட்டுக்கு ஒரு விலை. வந்த யூனிட்டுக்கு வேறு விலை! மாடியிலிருந்து இறங்கும்போது மலிவு. மாடிக்குக் கீழே ஏறி வரும்போது உயர்வு!

களத்துமேட்டு வாணிகரைப் பற்றி நம் பாட்டிமார் சொல்வதுண்டு. சிலரிடம் இரண்டு மரக்கால் இருக்குமாம். நெல்லை அளந்து வாங்க ஒன்று. அது சற்றே பெரிது. அரிசியை அளந்து விற்க ஒன்று. அது சற்றே சிறிது. கேட்டால், "இரண்டும் மரக்கால்தானே!" என்பராம். மின்சார வாணிகத்திலே அந்தத் தொல்லை இல்லை. மரக்கால் ஒன்றுதான், யூனிட் யூனிட்டேதான். விலைதான் இரண்டு!

பட்டினப்பாலை பாடிய புலவர், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது அவர்களுடைய செல்வத்தை மட்டுமா புகழ்ந்தார்? வாங்குவதிலே அளவுக்கு மிஞ்சாத, கொடுப்பதிலே அளவு குன்றாத அவர்தம் நேர்மையைப் புகழ்ந்தார். ஈராயிரம் ஆண்டுப் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையை மீட்டருக்குள்ளே வைத்துப் பார்ப்போம் என்றால், ஏனோ முகம் சுளிக்கின்றனர்!

அந்த 400 யூனிட் எங்கே சென்றது? எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். கடல் கடந்து சென்றதா? மலை ஏறிச் சென்றதா? இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரியவர் வீட்டு மாடியிலே விளைந்த மின்சாரம், பக்கத்து வீட்டு மின்விசிறியைச் சுழற்றிற்று. எதிர்வீட்டுத் தையல் எந்திரத்தை ஓட்டிற்று. தெருக்கோடி மாவுக்கடையிலே மாவு அரைத்தது. அந்த வீட்டாரும் கடைக்காரரும் தத்தமக்குரிய கட்டணத்தைத்தான் கட்டினர். "இது பக்கத்து மாடியிலே விளைந்தது, ஆகவே மலிவு" என்று யாரும் அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டிலே இந்தக் கதை வளர்ந்த விதம் இது. 2012ஆம் ஆண்டின் சூரிய ஆற்றல் கொள்கையும், அதனைத் தொடர்ந்து 2013இல் ஒழுங்குமுறை ஆணையம் இட்ட ஆணையும், நிகர அளவீட்டைக் கொண்டு வந்தன. நெட் மீட்டரிங் என்று மின்துறையார் கூறுவது இதனைத்தான். வந்ததிலிருந்து சென்றதைக் கழி. எஞ்சியதற்கு மட்டும் பணம் கட்டு. நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் முறை. 2019இல் வந்த புதிய கொள்கை, வீடுகள் உள்ளிட்ட தாழ்வழுத்த இணைப்புகளுக்கு அந்த முறையை மாற்றிற்று. வந்ததற்கு முழுக் கட்டணம். சென்றதற்கு ஆணையம் வகுக்கும் குறைந்த விலை. யூனிட்டை யூனிட்டால் கழிக்காமல், பணத்தைப் பணத்தால் கழிக்கும் முறை. 2021இல் ஆணையம் வகுத்த புதிய விதிகள், வீடுகளுக்கு நிகர அளவீட்டைத் திரும்பவும் தந்தன. நமது பெரியவர் தகடு பதித்ததோ 2020இல்! இரண்டு கதவுகளுக்கு நடுவே நின்றவர் போல, இரண்டு விதிகளுக்கு நடுவே நின்றார்.

ஒன்பதாண்டுக்குள்ளே முறை வந்தது, போனது, மீண்டும் வந்தது. தகட்டின் ஆயுளோ இருபத்தைந்தாண்டு! இருபத்தைந்தாண்டு உழைக்கும் பொருளை வாங்கச் சொல்லி, நிலைக்காத விலையைக் கையிலே கொடுப்பதா? இதுதான் நமது கேள்வி. இந்தக் கட்டுரையிலே நாம் கேட்க விரும்பும் ஒரே கேள்வி என்றும் கூறலாம்.

பழங்கதை பேசுவானேன் என்பீர். பழங்கதையல்ல. 2024 பிப்ரவரியிலே ஒன்றிய அரசு, 75,021 கோடி ரூபாய்ச் செலவிலே ஒரு கோடி வீட்டு மாடிகளில் தகடு பதிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம், வரவேற்கிறோம். மானியம் போக எஞ்சியதற்குக் கடன் வாங்குவோர் பலர். கடனை அடைக்கப் போவது எது? மாடியிலே விளைவதன் விலை. அந்த விலையை நாளை யாரோ ஒருவர் ஓர் ஆணையால் பாதியாக்கினால்? வங்கி, தவணையையும் பாதியாக்குமா?

ஆகாத அச்சம் இது என்று ஒதுக்க வேண்டாம். ஆகிப் போன நாடுகள் உண்டு.

அமெரிக்காவிலே நெவாடா என்றொரு மாநிலம். பாலைவெயில் கொளுத்தும் பூமி. மக்கள் நம்பிக்கையோடு தகடு பதித்தனர். 2015 டிசம்பரிலே அந்த மாநிலத்து ஆணையம் தீர்ப்பு வழங்கிற்று: உபரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 11 சென்ட் வரவு கிடைத்து வந்ததைப் படிப்படியாக 2.6 சென்ட்டுக்குக் கொண்டு செல்வது; மாதந்தோறும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணத்தை உயர்த்துவது. இனித் தகடு பதிப்போருக்கு மட்டுமா? அம்மட்டோடு நின்றால் ஆறுதல். முன்னரே பதித்து, முன்னரே கடன்பட்டு, முன்னரே கணக்குப் போட்டு வாழ்ந்த வீடுகளுக்கும் அதே தீர்ப்பு! விளையாட்டின் நடுவிலே விதியை மாற்றினர். ஆடியவன் தோற்றான் என்று அறிவித்தனர்.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 2016இல் பழைய வீடுகளுக்குப் பழைய முறை மீண்டது. 2017 ஜூனிலே புதிய சட்டம் பிறந்தது. உபரி யூனிட்டுக்கு விற்பனை விலையில் நூற்றுக்கு 95 என்று தொடங்கி, தகடுகள் பெருகப் பெருகப் படிப்படியாக 75 வரை இறங்கலாம் என்று முன்கூட்டியே படிக்கட்டைக் கட்டிக் காட்டிற்று. இறங்குவதே தவறு என்று நாம் கூறவில்லை. படிக்கட்டு வேறு, பள்ளம் வேறு. படிக்கட்டிலே இறங்குகிறவன் காலடியைப் பார்த்து இறங்குவான். பள்ளத்திலே விழுகிறவனுக்கு, விழுந்த பிறகுதான் தெரியும்!

இதற்கு எதிராக, ஜெர்மனியைப் பாருங்கள். 1991இலேயே அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சூரிய மின்சாரத்துக்கு விற்பனை விலையிலே நூற்றுக்கு 90 பங்கு தர வேண்டும் என்றது. 2000 ஏப்ரலில் வந்த சட்டமோ, யூனிட்டுக்கு 99 பென்னிக் என்று விலை வகுத்தது. அந்நாளிலே வீட்டார் கட்டிய கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! அந்த விலை இருபதாண்டுக்கு மாறாது என்றும் எழுதிக் கொடுத்தது. பின்னர், தகடு மலிந்தது, புதிதாகப் பதிப்போருக்கு விலை குறைந்தது, மீண்டும் குறைந்தது. ஆனால் 2000இல் பதித்தவருக்கு? எழுதிக் கொடுத்த விலை, எழுதிக் கொடுத்தபடி! சூரியன் அதிகம் காயாத அந்த நாடு, சூரிய மின்சாரத்திலே உலகுக்கு வழி காட்டியது எதனால்? வெயிலால் அல்ல, வாக்கால்!

இனி, எதிர்ப்பக்கத்தார் கூறுவதைக் கேட்போம். கேளாமல் கண்டிப்பது நமது மரபன்று. மூன்று வாதங்கள் வைக்கின்றனர். மூன்றையும் முழுமையாக அரங்கேற்றிய இடம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். 1995இலேயே நிகர அளவீட்டுக்குச் சட்டம் செய்த மாநிலம் அது. அதே மாநிலத்தின் ஆணையம் 2022 டிசம்பர் 15ஆம் நாள், ஐவரும் ஒருமனதாக, அந்த முறையை மூடிற்று. 2023 ஏப்ரல் 14க்குப் பிறகு விண்ணப்பித்த வீடுகளுக்கு, உபரி மின்சாரத்துக்குக் கிடைக்கும் வரவு, சராசரியிலே நான்கில் மூன்று பங்கு சரிந்தது. பழைய வீடுகளுக்கு இருபதாண்டுக் காலப் பழைய முறையைக் காத்தனர். நெவாடாவின் பாடத்தை அந்த அளவிலே கற்றிருந்தனர். புதியவர்களோ தயங்கினர், தகடு பதிக்கும் தொழில் தள்ளாடிற்று. 2025 ஆகஸ்டிலே அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம், ஆணையத்தின் முடிவைக் கீழ் நீதிமன்றம் உரிய முறையிலே ஆராயவில்லை, மீண்டும் ஆராய்க என்று திருப்பி அனுப்பிற்று. ஆணையம் சொன்னது என்பதாலேயே அது வேதமாகிவிடாது என்பதற்கு, இது போதும்.

அங்கே முழங்கிய முதல் வாதம்: "கம்பியும் கம்பமும் எங்களுடையவை. மின்மாற்றி எங்களுடையது. மேகம் மூடிய பகலிலும், கதிரவன் மறைந்த இரவிலும் உங்கள் வீட்டுக்கு ஒளி தர நாங்கள் ஆயத்தமாக நிற்கிறோம். அதற்குச் செலவு இல்லையா?"

உண்டு. ஒப்புகிறோம். வண்டிக்காரனுக்கு வாடகை தராமல் மூட்டை ஏற்றச் சொல்வது அறமன்று. ஆனால் வாடகையை வாடகை என்று கேளுங்கள்! கம்பிக்கு இவ்வளவு, கம்பத்துக்கு இவ்வளவு, இரவுக் காவலுக்கு இவ்வளவு என்று, எல்லோரும் காணக் கணக்கு வைத்துக் கேளுங்கள். அதே ஏட்டிலே, எதிர்ப்பக்கமும் எழுதுங்கள். தொலைதூர மின்நிலையத்திலிருந்து வரும் மின்சாரத்திலே ஒரு பகுதி, வழியிலே வெப்பமாகிக் கம்பியிலேயே கரைகிறது. பக்கத்து மாடியிலிருந்து வரும் மின்சாரம், பத்தடி தூரத்திலே பயன்பட்டுவிடுகிறது. அந்த ஆதாயத்தை எந்த ஏட்டிலே எழுதினீர்கள்? எரிக்காமல் மிஞ்சிய நிலக்கரியை எந்தப் பக்கத்திலே வரவு வைத்தீர்கள்? செலவை மட்டும் எழுதி, வரவை மறைத்த ஏட்டைக் கணக்கு என்று நாம் கூறுவதில்லை. வகுப்பிலே அதற்கு மதிப்பெண்ணும் தருவதில்லை.

2021 டிசம்பரிலே கலிபோர்னிய ஆணையத்தின் முன் வைத்த முதல் வரைவு, தகட்டின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதம் 8 டாலர் வரி போன்ற கட்டணம் கேட்டது. ஐந்து கிலோவாட் தகடு என்றால் மாதம் 40 டாலர்! மாடியிலே வெயில் காய்ந்ததற்கு அபராதம்! மக்கள் கிளர்ந்தனர், இறுதித் தீர்ப்பிலே அந்தக் கட்டணம் மறைந்தது. உண்மையிலேயே அது கம்பிக்கு உரிய வாடகை என்றால், கூச்சல் கேட்டதும் மறையுமா?

இரண்டாம் வாதம்: "நண்பகலிலே எல்லா மாடியும் ஒருசேர மின்சாரத்தைக் கொட்டுகின்றன; வாங்க ஆளில்லை. மாலையிலே எல்லா வீடும் ஒருசேர விளக்கேற்றுகின்றன. கொடுக்க மாடி இல்லை. பகல் யூனிட்டும் மாலை யூனிட்டும் ஒன்றாகுமா?" கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பை நடத்துவோர், 2013இலேயே இதனைப் படமாக வரைந்து காட்டினர். நண்பகலிலே வயிறு தொங்கி, மாலையிலே கழுத்து நிமிரும் அந்தக் கோட்டுக்கு, வாத்து வளைவு என்று பெயரும் வைத்தனர்.

இந்த வாதத்திலே மெய் உண்டு. ஆடிப்பட்டத்துக் கத்தரிக்காய், சந்தை நிறைந்த அன்று ஒரு விலை, இல்லாத அன்று ஒரு விலை, ஒப்புகிறோம். அப்படியானால் நேரத்துக்கு ஏற்ற விலையை இருபக்கமும் வையுங்கள்! நண்பகலிலே எங்கள் மாடி தருவதற்கு விலை குறைவு என்றால், நண்பகலிலே பக்கத்து வீட்டார் வாங்குவதற்கும் விலை குறைய வேண்டாமா? மாலையிலே விற்பனை விலை உயர்கிறது என்றால், பகலிலே பெட்டரியில் சேர்த்து மாலையிலே கொடுப்பவருக்கும் அந்த உயர்வு சேர வேண்டாமா? நேரம் பார்த்து வாங்குவோம், நேரம் பாராமல் விற்போம் என்றால், அது சந்தை அல்ல. பழைய இரண்டு மரக்கால்தான்!

ஜெர்மனியும் இந்தச் சிக்கலைச் சந்தித்தது. 2025 பிப்ரவரியிலே, சந்தை விலை சுழியத்துக்குக் கீழே போகும் நேரங்களிலே, இனிப் புதிதாக இணையும் தகடுகளுக்கு ஊதியம் இல்லை என்று விதித்தது. கண்டிப்பான விதிதான். ஆனால் அவ்வாறு இழக்கும் நேரத்தை, இருபதாண்டு முடிந்த பிறகு கூட்டிக் கொடுக்கவும் வழி வைத்தது. பழைய தகடுகளைத் தொடவில்லை. முறையை மாற்றலாம், முகம் பார்த்து, முன்கூட்டிச் சொல்லி, இழப்புக்கு ஈடு வைத்து மாற்றலாம். வாக்கை மாற்றாமல் முறையை மாற்றத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பிரிட்டனின் கதை கேட்டால், சிரிப்பதா சினப்பதா என்று தெரியாது. 2010 ஏப்ரலிலே வீட்டு மாடிகளுக்கு ஊக்கவிலைத் திட்டம் தொடங்கிற்று. 2019 மார்ச் 31ஆம் நாளோடு புதியவர்களுக்குக் கதவை அடைத்தது. அடுத்த ஏற்பாடு வந்ததோ 2020 ஜனவரி முதல் நாள். இடைப்பட்ட ஒன்பது மாதம்? அந்நாளிலே தகடு பதித்த வீட்டின் உபரியை விலை கொடுத்து வாங்கும் கடமை எவருக்கும் இல்லை. பின்னர் வந்த ஏற்பாடாவது விலை சொல்லிற்றா? பெரிய நிறுவனங்கள் ஏதேனும் ஒரு விலை தந்தாக வேண்டும். அது சுழியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்றது! சுழியத்துக்கு மேல்! வேலைக்காரனிடம், "கூலி உண்டு, கவலைப்படாதே, ஒன்றுமில்லை என்பதைவிட அதிகம்" என்று ஓர் எசமான் கூறினால், அவனை என்னவென்று அழைப்போம்?

மூன்றாம் வாதம் இருக்கிறதே, அதுதான் நெஞ்சைத் தொடுவது. "மாடி உள்ளவன் தகடு பதிக்கிறான்; அவன் கட்டணம் குறைகிறது. கம்பியின் செலவு குறைவதில்லை. அந்தச் சுமை யார் தலையிலே? மாடி இல்லாத ஏழையின் தலையிலே!" கலிபோர்னியாவின் பெரிய மின் நிறுவனங்கள் இதனை ஓயாமல் கூறின. ஏழைக்காகக் கண்ணீர் வடித்தன.

நாம் இந்த வாதத்தை எள்ளி நகையாடத் தயாரில்லை. ஏனெனில், ஏழையின் பக்கம் நின்று எழுதுவதற்கென்றே பேனா எடுத்தவர்கள் நாம். நம் வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களிலே எத்தனைப் பேர் வீட்டுக்கு மொட்டைமாடி உண்டு? ஓட்டு வீடு, ஒண்டுக் குடித்தனம், வாடகை அறை, தகரக் கொட்டகை! கதிரவன் அந்தத் தகரத்தின் மீதும் காய்கிறான். காய்ந்து, உள்ளே இருப்போரை வாட்டுகிறான். வாட்டுவதற்கு வருகிற வெயில், வருவாய் தர மட்டும் மறுக்கிறது!

நிகர அளவீட்டிலும் ஒரு கோணல் உண்டு, மறைக்க மாட்டோம். தமிழ்நாட்டிலே 2022 செப்டம்பரில் வகுத்த கட்டணப் படிக்கட்டிலே, இரண்டு மாதத்துக்கு 201 முதல் 400 வரையிலான யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. 1000ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 11 ரூபாய். பின்னர் எண்கள் உயர்ந்தன. படிக்கட்டின் அமைப்பு அதுதான். ஆகவே, ஒரே வெயிலிலே விளைந்த ஒரே யூனிட், குளிர்சாதனம் நான்கு ஓடும் மாளிகைக்கு 11 ரூபாயை மிச்சப்படுத்திற்று. சிறு வீட்டுக்கு நாலரை ரூபாயை மிச்சப்படுத்திற்று. 100 யூனிட்டுக்குள் முடங்கும் குடிசைக்கு ஒன்றுமே இல்லை. அதிகம் செலவழிப்பவருக்கு அதிகப் பரிசு! இதுவும் நேர் செய்ய வேண்டிய கணக்கே. மாளிகையின் மிச்சத்தைக் காக்க, நாம் மேடை ஏறவில்லை.

ஆனால் கேட்கிறோம்: ஏழையின் பெயரைச் சொல்லி மாடிக்காரரின் விலையைக் குறைத்தார்களே, குறைத்ததால் கிடைத்தது ஏழையின் கைக்குப் போயிற்றா? கலிபோர்னியாவிலே உபரியின் விலை சரிந்தது. வாடகை வீட்டுக்காரரின் கட்டணமும் அதே நாளிலே சரிந்ததா? நான்கில் மூன்று பங்கு குறைத்தீர்களே, அதிலே அவருக்கு ஒரு பங்கு உண்டா? ஒருவன் தட்டிலிருந்து எடுத்தது, பசித்தவன் தட்டுக்குப் போக வேண்டும். பரிமாறுகிறவன் மடிக்குப் போனால், அதற்குப் பெயர் பந்தி அல்ல!

ஏழைக்கு உண்மையிலேயே உதவ விரும்பினால், வழிகள் உண்டு. அவற்றைக் கண்டவர்களும் உண்டு. ஜெர்மனியிலே மாடிக்காரருக்குத் தந்த விலையின் சுமை, பல்லாண்டு எல்லோருடைய மின்கட்டணச் சீட்டிலும் ஒரு வரியாக ஏறியிருந்தது. ஏழை வீட்டுச் சீட்டிலும் ஏறியிருந்தது. 2022 ஜூலையிலே அதனைச் சீட்டிலிருந்து இறக்கி, அரசின் கருவூலத்திலே வைத்தனர். அதாவது, இருப்பவரிடம் அதிகமும் இல்லாதவரிடம் குறைவும் பெறும் வரிப்பணத்திலே வைத்தனர். மாடிக்காரருக்குக் கொடுத்த வாக்கும் பிழைத்தது. மாடி இல்லாதவர் தலைச்சுமையும் இறங்கிற்று. இரண்டும் ஒருங்கே நடக்கக் கூடியவை! ஒன்றைக் காட்டி மற்றொன்றை வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

டில்லியிலே 2019இல் மற்றொரு வழி திறந்தனர். ஓரிடத்திலே தகடு, அதன் வரவைப் பல வீட்டார் தத்தம் கணக்கிலே பகிர்ந்து கொள்ளலாம். மாடி இல்லாதவனுக்கும் மாடியிலே பங்கு! எண்ணிப் பாருங்கள். நமது பள்ளிக்கூடத்தின் மேல்தளம், பகலெல்லாம் வெயிலிலே வெறுமனே கிடக்கிறது. ஊராட்சிக் கட்டடம், நியாயவிலைக் கடை, சமுதாயக் கூடம், பேருந்து நிலையம் எல்லாமே வெயில் காயும் வெற்றுத்தளங்கள். அவற்றின் மீது தகடு பதித்து, அந்த வரவைத் தெருவின் ஓட்டு வீடுகள் பகிர்ந்து கொண்டால், ஏழையைக் காட்டி வாதாடுகிறவர்கள் வாதாட என்ன இருக்கும்?

மோதலை மூட்டுவது எளிது. மாடி உள்ளவனும் மாடி இல்லாதவனும் முட்டிக் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், இருவருக்கும் இடையே ஓடும் கம்பியின் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். எதிர்வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படும் கண்ணுக்கு, ஏட்டைப் பார்க்க நேரமிருக்காது. இந்தப் பழைய வித்தையை நாம் அறிவோம். வேறு வேறு மேடைகளிலே, வேறு வேறு வேடங்களிலே, பார்த்திருக்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கை நான்கே.

முதலாவது: விலை வகுக்கும் ஏடு திறந்த ஏடாக இருக்கட்டும். கம்பியின் செலவும் எழுதட்டும். மாடி தரும் ஆதாயமும் எழுதட்டும். படித்தவர் மட்டுமல்ல, பணம் கட்டுகிற எவரும் படித்து அறியும் தமிழிலே இருக்கட்டும்.

இரண்டாவது: தகடு பதிக்கும் நாளிலே எந்த முறையை நம்பிப் பதித்தாரோ, அந்த முறை அவருக்கு இருபதாண்டாவது நிலைக்கட்டும். புதியவருக்கு விலையைக் குறைக்க வேண்டுமானால், படிக்கட்டைக் கட்டிக் காட்டிவிட்டுக் குறையுங்கள். பழையவர் காலடியிலே பள்ளம் தோண்டாதீர்.

மூன்றாவது: நேரத்துக்கு ஏற்ற விலை என்றால், வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரே கடிகாரம் இருக்கட்டும்.

நான்காவது: மாடி இல்லாதவருக்கு வெயிலிலே பங்கு கொடுங்கள். இந்த நான்காவதை மறந்துவிட்டு முதல் மூன்றை மட்டும் தருவதானால், அது மாடிக்காரர் சங்கத்தின் வெற்றியாகும், மக்களின் வெற்றியாகாது.

பேராசைக் கோரிக்கைகளா இவை? ஆகாயத்தை வளைக்கச் சொன்னோமா? கதிரவனைக் கட்டி இழுத்து வரச் சொன்னோமா? அவன் தானாகவே வருகிறான். கூலி கேளாமல் வருகிறான். சாதி கேளாமல், சமயம் பாராமல், மாளிகை குடிசை பேதம் பாராமல் காய்கிறான். இயற்கை பொதுவாகத் தந்ததை, கணக்குப் புத்தகம் தனியாக்கி விடுகிறது. அந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான், சற்றே வெளிச்சத்திலே விரித்து வையுங்கள் என்கிறோம்.

ஓய்வு பெற்ற அந்தத் தமிழாசிரியர், சீட்டைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையிலே வைத்துக் கொண்டார். "பணம் பெரிதல்ல, தம்பி. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்று. எனக்குச் சொன்னவர்கள் யார் வகுப்பிலே படித்தார்களோ!" என்று கூறிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலே கசப்பு இருந்தது, வெறுப்பு இல்லை.

நாளை மீண்டும் வகுப்புக்குச் செல்வோம். நானூற்றிலே நானூறு போனால் மீதி என்ன என்று கேட்போம். ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் கூவுவர். அது சரியான விடை என்றே நாம் சொல்வோம், இனியும் சொல்வோம். திருந்த வேண்டியது பிள்ளைகளின் விடை அல்ல!